நிலவொளியில் பயின்ற வீரர் - மேஜர் தயான் சந்த்

பாடசாலைக் காலத்தில் விளையாட்டில் ஆர்வம் காட்டும் பிள்ளையைப் பார்த்து, இதனால் நாளைக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்பது வழக்கம். உலகமே வியந்து பார்த்த ஒரு விளையாட்டு வீரரும் தம் மகனைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டார் என்றால் நம்புவது கடினம். அவர்தான் ஹொக்கி விளையாட்டின் மாமேதை எனப் போற்றப்படும் இந்தியாவின் மேஜர் தயான் சந்த்.

1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி அலகாபாத்தில் பிறந்த அவரது இயற்பெயர் தயான் சிங். தந்தை பிரித்தானிய இந்திய இராணுவத்தில் பணியாற்றியவர். அடிக்கடி நேர்ந்த இடமாற்றங்களால் மகனின் கல்வி ஆறாண்டுகளோடு நின்றுபோனது. இறுதியில் குடும்பம் ஜான்சி நகரில் நிலைகொண்டது. சிறுவயதில் அவருக்கு ஹொக்கியில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. மல்யுத்தமே அவரைக் கவர்ந்தது.

1922இல் சாதாரணச் சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் ஹொக்கி அவரது வாழ்வோடு ஒன்றிப்போனது. பகல் முழுவதும் கடமை. விளையாட நேரம் கிடைப்பது இரவில்தான். மைதானத்தில் மின்விளக்குகள் இல்லாத காலம் அது. ஆகவே நிலவு எழும்வரை காத்திருந்து, அந்த வெளிச்சத்திலே தனியாகப் பயிற்சி செய்தார். இதனாலேயே நண்பர்கள் அவரை 'சந்த்' என அழைத்தனர். அச்சொல்லுக்கு நிலவு என்பது பொருள். வேடிக்கையாக வைத்த பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

1926இல் இந்திய இராணுவ அணியுடன் நியூசிலாந்து சென்றார். அணி ஆடிய 21 போட்டிகளில் 18இல் வெற்றி பெற்றது. 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்காமல் தங்கப்பதக்கம் வென்றது. அத்தொடரில் தயான் சந்த் மட்டும் 14 கோல்களை அடித்தார்.

1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குக் கடல்வழியே புறப்பட்ட இந்திய அணி, நம் கொழும்பிலும் இறங்கி இலங்கை அணியுடன் இரண்டு போட்டிகளில் ஆடியது. முதற் போட்டியில் கோல் மழை, இரண்டாவதில் 10 கோல்கள். நம்மவர்களால் ஒன்றைக்கூட அடிக்க முடியவில்லை! ஆனால் இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அதே அணி ஒலிம்பிக்கில் ஐக்கிய அமெரிக்காவை 24 - 1 என வென்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த 35 கோல்களில் 25 கோல்கள் தயான் சந்தும் அவர் தம்பி ரூப் சிங்கும் அடித்தவை.

1936இல் பேர்லினில் அவரே அணித்தலைவர். அணியில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தோளோடு தோள் நின்றனர். தொடருக்கு முந்திய பயிற்சி ஆட்டமொன்றில் ஜேர்மனியிடம் 4 - 1 எனத் தோற்றதால் எல்லோர் மனத்திலும் கலக்கம். உடனே தாயகத்திலிருந்து அலி தாரா என்ற வீரரை விமானம் மூலம் வரவழைத்தனர். பிற்காலத்தில் 1948 ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

இறுதிப்போட்டி ஆகஸ்ட் 15ஆம் திகதி அதே ஜேர்மனியுடன் நடந்தது. ஆட்டத்துக்கு முன்னர் உடைமாற்றும் அறையில் வீரர்கள் காங்கிரஸின் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்தினர். பிரித்தானிய இராணுவத்தில் சம்பளம் பெறும் ஒரு சிப்பாய் இதில் பங்குகொள்வதற்கு எத்தனை துணிவு வேண்டும்! மழையில் நனைந்த மைதானத்தில் முற்பாதியில் ஒரேயொரு கோல்தான் கிடைத்தது. பிற்பாதியில் தயான் சந்த் தம் பாதணியைக் கழற்றிவிட்டு ஆடினார். முடிவு 8 - 1. மூன்றாவது தங்கம். அதே நாளில், சரியாக 11 ஆண்டுகளின் பின்னர், இந்தியா சுதந்திரம் அடைந்தது.

இராணுவத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றி 1956இல் அவர் ஓய்வுபெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது. பின்னர் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநராகப் பணிபுரிந்தார். வீட்டில் அவர் எளிமையான மனிதர். மீன்பிடிப்பதிலும் சமையலிலும் விருப்பம் கொண்டவர். பெரிய குடும்பம், அளவான வருமானம். ஒருமுறை ஹொக்கிப் போட்டியொன்றைக் காணச் சென்றவரை இன்னாரென அறியாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பினர் என்றும் சொல்லப்படுகிறது.

இந்த அனுபவங்களே அவரை ஒரு தகப்பனாகக் கவலைகொள்ள வைத்தன. மகன் அசோக் குமார் ஹொக்கி ஆடப் புறப்பட்டபோது அவர் தடுத்தார். பதக்கங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்காது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? ஆனால் மகன் விடவில்லை. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் இந்தியாவின் வெற்றிக் கோலை அடித்தவர் அதே அசோக் குமார். அப்போது தந்தைக்கு 69 வயது. தாம் தடுத்த பாதையிலேயே மகன் பெருமை தேடித்தந்ததைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது.

ஈரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர் டில்லியில் வைத்தியசாலையொன்றின் பொது விடுதியில் அனுமதிக்கப்பட்டார். 1979 டிசம்பர் 3ஆம் திகதி உயிர் பிரிந்தது. அவர் ஆடி வளர்ந்த ஜான்சி மைதானத்திலேயே இறுதிக்கிரியைகள் நடந்தன.

இன்று அவர் பிறந்த நாளே இந்தியாவின் தேசிய விளையாட்டுத் தினம். டில்லியின் தேசிய விளையாட்டரங்கும், நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதும் அவர் பெயரையே தாங்குகின்றன. முத்திரையும் வெளியிட்டார்கள். இவையெல்லாம் அவர் கண்மூடிய பின்னர் வந்தவை.

மாணவிகளாகிய நமக்கு அந்த நிலவு ஒரு பாடம். வசதியில்லை என்று சொல்லிச் சும்மா இருக்காமல், கிடைத்த வெளிச்சத்தில் பயின்றவர் அவர். பெற்றோருக்கு அசோக் குமாரின் கதை ஒரு பாடம். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணித் தயங்குவது அன்பினால்தான். எனினும் பிள்ளையின் திறமையையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். நம் எல்லோருக்கும் பொதுவான பாடம் இன்னொன்று உண்டு. நமக்காக உழைத்துக் களைத்த முதியவர்கள் ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களைத் தேடிச்சென்று நலம் விசாரிப்போம்.