கைமாறிய செல்வம்

பணி ஓய்வு பெறும் தமிழாசிரியர், வாழ்நாளெல்லாம் திரட்டிய கல்விச் செல்வத்தை யாரிடம் ஒப்படைப்பது? இவ்வினாவிற்கு வாழ்ந்து விடை தந்தவர் பூவாளூர்த் தியாகராசச் செட்டியார் (1826–1888). மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அவர், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய்த் திகழ்ந்தார்.

1880-இல் ஓய்வு நெருங்கியபோது, தம் இருக்கைக்கு உரியவர் தம் ஆசிரியரின் மாணவ மரபினரே எனத் துணிந்தார். திருவாவடுதுறையில் இருந்த இளைஞர் உ. வே. சாமிநாதையரே அவர் தேர்வு. ஐயரைப் பிரிய மனமில்லாத ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரை இசைவித்தார்; கல்லூரியாரிடம் ஐயரின் புலமையை எடுத்துரைத்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் ஐயர் பணியேற்றார்.

அப்பணி அவரைக் கும்பகோணத்தில் இருத்தியமையால் அன்றோ, அதே ஆண்டு அக்டோபரில் நம் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்க நேர்ந்தது! முதலியார் தந்த சீவகசிந்தாமணிக் கையெழுத்துப் படியே ஐயரைப் பழந்தமிழின்பால் திருப்பியது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. மறு ஆண்டு செட்டியார் மறைந்தார்.

பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாங்கிய இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார் ஐயர். 1942-இல் அவர் மறைந்தபின், அவர் தொகுத்த ஏடுகளும் நூல்களும் 1943-இல் அவர் பெயராலேயே நூல்நிலையமாயின.

ஏட்டைக் கொடுப்பது எளிது. அதனை ஆளத்தக்கவரைத் தேடி அமர்த்துவதே அரிது. பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் மூத்தோர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.