அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி

மருத்துவ வரலாற்றில் முஸ்லிம்கள் ஆற்றிய பணியைப் பேசுவோர் அர்ராஸியையும் இப்னு சீனாவையும் தவறாது நினைவுகூர்வர். அறுவை மருத்துவம் என்றவுடன் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவியின் பெயரைச் சொல்வர், அவர் தம் நூலில் வரைந்து காட்டிய ஏறத்தாழ 200 கருவிகளைப் புகழ்வர், அத்துடன் நிறுத்திவிடுவர். அவர் கருவியைக் கையிலெடுக்க மறுத்த இடங்கள் அப்படங்களினும் மேலானவை என்பது நம் கருத்து. அவற்றையே இங்குச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

ஸ்பெயின் நாட்டில் உமையாக்களின் ஆட்சி உயர்ந்தோங்கிய காலம் அது. கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் குர்துபாவுக்கு அருகே 936இல் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரச நகரை எழுப்பத் தொடங்கினார். அந்நகரின் பெயரே நம் மருத்துவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் பிறந்ததும் 936ஆம் ஆண்டே என்பர். நகரின் ஆண்டையே அவருக்கும் சூட்டிவிட்டனரோ என நமக்கு ஓர் ஐயம் உண்டு. ஏறத்தாழ 50 ஆண்டுகள் மருத்துவம் செய்த பின்னர், கி.பி. 1000ஐ ஒட்டி, ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் 30 பகுதிகள் கொண்ட பெருநூலை அவர் நிறைவு செய்தார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது.

அப்பகுதியின் முன்னுரையில், உடற்கூறு அறியாதார் கத்தி எடுத்ததனால் நேர்ந்த கேடுகள் சிலவற்றை அவர் எடுத்துக்காட்டுகின்றார். அவற்றுள் ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலாதது. முதுமை முற்றிய ஒருவருக்குச் சிறுநீர்ப்பையில் கல் வளர்ந்திருந்தது. அதனை அகற்றித் தருமாறு முதலில் அஸ்ஸஹ்ராவியையே அழைத்தனர். அவர் கல்லின் பருமனைக் கண்டார். முதியவரின் உடல்நிலையையும் கண்டார். அறுத்தால் இவர் பிழைக்கமாட்டார் எனத் தெளிந்தார். பின்னர் வேறொரு மருத்துவர் துணிந்து அறுத்தார். கல்லோடு சிறுநீர்ப்பையின் ஒரு துண்டும் சேர்ந்து வந்தது. மூன்று நாளளவில் முதியவர் இறந்தார்.

கல்லை எடுக்கும் முறையை அஸ்ஸஹ்ராவி அறியாதவர் அல்லர். அதே நூலில் அம்முறையைப் படிப்படியாகக் கற்பிக்கின்றார். ஏறத்தாழ 14 வயது வரையுள்ள சிறுவர்க்கு அது எளிது, முதியவர்க்குக் கடினம், இளைஞர்க்கு இடைப்பட்டது எனவும் வகுத்துரைக்கின்றார். கை தேர்ந்தவர் ஒருவர் மறுத்தார் என்பதில்தான் அம்மறுப்பின் மதிப்பு இருக்கின்றது. மயக்க மருந்தும் குருதியேற்றலும் இல்லாத அந்நாளில் மறுப்பதும் எளிதன்று; வலியால் துடிப்பவரும் அவர்தம் மக்களும் எதிரே நின்று மன்றாடுவர் அல்லவா?

வயிற்றில் நீர் கோக்கும் மகோதரத்திற்கு அவர் கூறும் விதிகள் இன்னும் நுட்பமானவை. நோயாளி வலுவிழந்திருந்தாலோ, மகோதரத்துடன் இருமல், வயிற்றுப்போக்கு போன்ற பிற நோயும் கூடியிருந்தாலோ கத்தி வைத்தல் ஆபத்து என்கின்றார். வலுவுடையவராய், வேறு நோயற்றவராய், சிறுவரும் முதியவரும் அல்லாதவராய் இருந்தால் மட்டுமே வயிற்றைத் துளைத்து மெல்லிய உலோகக் குழலைச் செருகலாம். அப்போதும் நீர் முழுவதையும் ஒருங்கே இறக்கலாகாது. நாடியைப் பார்த்து, உடல் தாங்கும் அளவறிந்து, சிறிது சிறிதாக இறக்குதல் வேண்டும். இன்றேல் மயங்கி இறப்பார். மிகுதியான நீர் விரைந்து வெளியேறினால் குருதியோட்டம் நிலைகுலையும் என்பதை இன்றைய மருத்துவமும் அறியும். அதனைத் தடுக்க அல்புமின் என்னும் புரதத்தை நரம்பு வழியே ஏற்றுகின்றனர். நோயாளியின் அளவை அறிந்து செய்க என்னும் இச்சிந்தனை, திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பயின்ற நம் மாணவர்க்குப் புதிதன்று.

முதியோரின் வயிற்று அறுவைக்கு முன் மருத்துவர் இன்று நெஞ்சையும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஆராய்கின்றனர்; உணவு உட்கொள்ளும் நிலை, நடக்கும் வலு ஆகியவற்றை வினவுகின்றனர். திட்டமிட்டுச் செய்யும் அறுவையினும் அவசரத்தில் செய்வது ஆபத்து மிக்கது என்பதையும் கருத்திற் கொள்கின்றனர். 1941இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் உடல்நிலையைக் கொண்டு நோயாளிகளைப் படிநிலைப்படுத்தினர். பின்னர்த் திருத்தம் பெற்று இன்றும் வழங்கும் அம்முறையில் வயது ஓர் அளவுகோலாக இல்லை. எழுபது வயதுடைய இருவருள் ஒருவர் அறுவையைத் தாங்குவார், மற்றவர் தாங்கார். அஸ்ஸஹ்ராவியோ முதுமையையே ஒரு தடையாக நிறுத்தினார். அது அக்கால மருத்துவத்தின் எல்லை. ஆயினும் வலுவையும் உடன்நோயையும் வயதுக்கு முன்னே வைத்து எண்ணியதில் அவர் பார்வை நெடுந்தொலைவு சென்றது எனலாம்.

அவர்தம் முதுமையில் உள்நாட்டுப் போர் மூண்டு, அஸ்ஸஹ்ரா நகர் சூறையாடப்பட்டுப் பாழாயிற்று. 1013ஐ ஒட்டி அவரும் மறைந்தார். நூல் மட்டும் பயணம் சென்றது. 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவில் கிரெமோனா ஊரினரான ஜெரார்டு அதன் அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். 1497இல் வெனிஸ் நகரில் அது அச்சேறியது. 1973இல் ஸ்பிங்க், லூயிஸ் என்னும் இருவர் அரபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்து வெளியிட்டனர். பெயர் குறிக்கப்படாத அம்முதியவரின் வரலாற்றை அப்பதிப்பின் தொடக்கப் பக்கங்களிலேயே காணலாம்.