சாண்டோ: பனியனில் மிச்சமிருக்கும் மனிதர்

சின்ன வயதில் கையில்லாத பனியனை சாண்டோ பனியன் என்றுதான் கடையில் கேட்டு வாங்குவோம். தேவர் பிலிம்ஸ் அதிபர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னாலும் சாண்டோ ஒட்டிக்கொண்டிருந்தது. பலசாலிகளுக்குக் கொடுக்கும் ஏதோ பட்டம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

வயது ஏற ஏறத் தசைகள் கரையும், எடைப் பயிற்சி செய்யுங்கள் என்றார் மருத்துவர். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே இரண்டு கிலோ புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றும் வாங்கி வந்தேன். முதல் வாரமே பக்கத்திலிருந்த இளைஞர் தூக்கிய எடையை நானும் தூக்கப்போய் தோள் பிடித்துக்கொண்டது. கையை மடக்கிக்கொண்டு வீட்டில் கிடந்த நாட்களில்தான் சாண்டோவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

யூஜின் சாண்டோ என்பதே மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். இயற்பெயர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867 ஏப்ரல் 2 அன்று, அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்த கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். அந்த ஊர் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். சிறுவயதில் நோஞ்சானாக இருந்ததாகவும், இத்தாலியில் பழங்காலச் சிலைகளைப் பார்த்து அதுபோல் உடலை ஆக்கிக்கொள்ள ஆசைப்பட்டதாகவும் அவரே சொல்லிவந்தார். அந்தக் கதையை ஆய்வாளர்கள் முழுதாக நம்புவதில்லை. சர்க்கஸ்களில் அலைந்தவரை பிரஸ்ஸல்ஸில் அட்டிலா என்ற பயிற்சியாளர் கண்டெடுத்து, கனமான எடைகளைத் தூக்கப் பழக்கினார் என்பது மட்டும் உறுதி.

1889ல் லண்டன் மேடையில் சாம்ப்சன் என்ற பலசாலியின் சவாலை ஏற்று வென்றார். ஒரே இரவில் புகழ் வந்தது. 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சி சமயத்தில், நாடகத் தயாரிப்பாளர் சீக்ஃபெல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஜனங்கள் சாண்டோ தூக்கிய எடையைவிட அவர் உடம்பைத்தான் பார்த்தார்கள். அன்றுமுதல் தூக்குவது குறைந்து, நின்று காட்டுவது கூடியது. 1894ல் எடிசனின் ஸ்டூடியோவில் அவரைப் படம்பிடித்தார்கள். சினிமாவின் மிக ஆரம்ப முகங்களில் ஒன்று அவருடையது.

1897ல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். அடுத்த ஆண்டு பத்திரிகை தொடங்கினார். 1901 செப்டம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய கட்டழகுப் போட்டியின் நடுவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில். ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவலிலும் சாண்டோ உண்டு. அதன் நாயகன் புளூம், அவருடைய பயிற்சிகளைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டவர். படித்தபோது புளூம் எனக்கு நெருங்கிய உறவினர் போலத் தோன்றினார்.

என் தோளுக்கான பதில் சாண்டோவின் பயிற்சி முறையில் இருந்தது. மேடையில் மலையைத் தூக்கியவர், சாதாரண மனிதருக்குக் கொடுத்தது சிறிய டம்பெல்கள்தான். எடை குறைவு, எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், மனம் அந்தத் தசையிலேயே இருக்க வேண்டும். படிப்படியாகச் சுமையைக் கூட்டுவது என்ற அந்த அடிப்படையைத்தான் இன்றும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

என் டப்பாவுக்கும் அவரிடம் ஒரு பாட்டன் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாஸ்மன் என்ற பொடியின் விளம்பரங்களில் சாண்டோ தோன்றினார். கொழுப்பு நீக்கிய பாலின் புரதத்தைப் பிரித்து உலர்த்திய பொடி அது. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் அதன் மீது பணம் போட்டு இழந்தார். பின்னர் சாண்டோ தன் பெயரிலேயே கோகோ பானம் விற்கத் தொடங்கினார். போட்டியும், முதல் உலகப் போரும், ஜெர்மானியர் மீதான வெறுப்பும் சேர்ந்துகொள்ள, 1916ல் அந்த நிறுவனம் மூழ்கியது. பொடியால் வந்த உடம்பல்ல அவருடையது. அந்த உடம்பைக் காட்டித்தான் பொடி விற்றது.

பிறகு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் அடிப்படைத் தேவை. எடைப் பயிற்சி செய்தால் 1.6 கிராம் வரை பயன் தரும். அதில் பெரும்பகுதி பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீனிலேயே கிடைத்துவிடுகிறது. குறைகிற நாளுக்குத்தான் பவுடர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

சாண்டோ 1925 அக்டோபர் 14 அன்று, 58 வயதில் லண்டனில் காலமானார். பள்ளத்தில் விழுந்த காரை ஒற்றையாளாகத் தூக்கியதால் இறந்தார் என்று கதை பரவியது. ஆய்வாளர்கள் அதையும் சந்தேகிக்கிறார்கள். பட்னி வேல் இடுகாட்டில் புதைத்த மனைவி பிளாஞ்ச், பெயர் பொறித்த கல் எதுவும் வைக்க விடவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல், உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட அந்த உடம்பு அடையாளமின்றிக் கிடந்தது. 2002ல்தான் ரசிகர் ஒருவர் கல் வைத்தார்.

அவர் இறந்தபோது சின்னப்பா தேவருக்குப் பத்து வயது. கல்லில் இல்லாத பெயர் கோயம்புத்தூரில் ஒரு பலசாலியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தோள் சரியாகிவிட்டது. இப்போது இரண்டு கிலோ டம்பெல்லோடு தொடங்கியிருக்கிறேன். பக்கத்து இளைஞரைப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் தெரிவது சாண்டோ பனியன் மட்டும்தான். இப்போதைக்கு அது போதும்.