குற்றாலத்துக்குக் குடிபோன வக்கீல்

வனத்துச் சின்னப்பரின் கதை நம் பங்கு மக்களுக்குப் புதிதல்ல. குகையில் தனித்து வாழ்ந்த அவருக்கு ஒரு காகம் தினமும் அரை அப்பம் கொண்டு வருமாம். வனத்து அந்தோணியார் அவரைக் காண வந்த அன்று மட்டும் முழு அப்பமாகக் கொண்டு வந்ததாம். புனித ரோக்குவுக்கு ஒரு நாய். உலகை விட்டு ஒதுங்கியவர்களின் கதையில் இப்படி ஏதாவது ஒரு பிராணி துணைக்கு வந்துவிடுகிறது. நம் குற்றாலத்தில் வந்து அமர்ந்த பெரியவர் ஒருவருக்கோ மனிதர்களே துணை. (குரங்குகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே அவை யாரையும் கேட்டு வருவதில்லை!)

அவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882-ல் பிறந்தார். சட்டம் படித்து வக்கீலானார். ஆனால் மனம் கவிதையில்தான் கிடந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் 1924 முதல் நண்பர்கள் வட்டமாக அமர்ந்து தமிழ் பேசினார்கள். அதற்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர் நிலைத்தது. பின்னர் சட்ட மேலவை உறுப்பினர் பதவி, 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறையில் ஆணையர் பதவி.

அந்த உத்தியோகம் முடிந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. சென்னையில் தங்கியிருந்தால் செல்வாக்கு வளர்ந்திருக்கும். அவரோ மலையடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தார். மேலே செண்பகாதேவி, தேனருவி என்று அடர்ந்த காடு. கீழே பேரருவியும் ஐந்தருவியும். ஆனி, ஆடியில் நில்லாத சாரல். நாம் சீசனுக்குக் குளித்துவிட்டுத் திரும்பும் இடத்தில் அவர் குடியிருந்தார். 'குற்றால முனிவர்' என்ற பெயரும் வந்தது. முனிவர் என்றாலும் தனிமை அவருக்கு வாய்க்கவில்லை, அவர் விரும்பவுமில்லை. ராஜாஜி வருவார், கல்கி வருவார், பெயர் தெரியாத இளைஞர்களும் வருவார்கள். யார் வந்தாலும் விருந்து உண்டு, பிறகு கம்பன் உண்டு. காகத்தின் முழு அப்பம் இங்கே அன்றாட வழக்கம்.

காடு துக்கத்தைத் தடுத்துவிடவில்லை. 1941-ல் மகன் தீபன் இளம் வயதிலேயே இறந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். புத்திரசோகத்திலும் அவர் தமிழை விடவில்லை. நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். எதிரே உட்கார்ந்து பேசுவது போன்ற அந்தக் கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. தமிழ்ப் பாட்டைத் தமிழர் மேடையில் பாட வேண்டும் என்ற தமிழிசை இயக்கத்திலும் முன்நின்றார்.

கம்பராமாயணத்தில் அவர் செய்த வேலைதான் பெரிய சர்ச்சையானது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி பிறர் செருகியவை என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். புலவர்கள் கொதித்தார்கள். சொற்களை மாற்றியதை என்னாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் உரைகாரர்களின் கையிலிருந்த கம்பனைச் சாதாரண வாசகரின் காதுக்குக் கொண்டு வந்தவர் அவர் என்பதை அன்று அவரைத் திட்டியவர்களும் மறுக்கவில்லை.

1954 பிப்ரவரி 16-ல் அவர் காலமானார். அவர் வாழ்ந்தபோது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த குற்றாலம், 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் அவருடைய நினைவிடம் உள்ளது. குளிக்கப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போக வேண்டும்.