யுத்தம் முடிந்த பிறகும் வேலை பார்த்தவர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் போன் மேல் போன் போட்டார். ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுத நம் செட்டில் ஆள் நிறைய உண்டு. நான் ஒரு பெரிய மனுஷியைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கும் நம் காலேஜுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கதைக்கும் அவருக்கும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

என் அப்பா ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் 17 வருஷம் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று மயிலாப்பூருக்குத் திரும்பியபோது அவருக்கு வயசு 37. எனக்கு 10. ஒயர்லெஸ் செட்டைக் கழற்றி மாட்டுகிற கை அவருடையது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் டிப்ளமா எங்கே என்றார்கள். கடைசியில் தி.நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரி வாட்ச்மேன். வருகிற கார்களுக்கெல்லாம் அப்பா சல்யூட் அடிப்பதை ஒரு நாள் நான் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி இரண்டு பேருமே இன்றுவரை பேசியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் கம்பெனியில் என்னை சமூகப் பணிக் கமிட்டியில் போட்டார்கள். அது விஷயமாக எழும்பூர் காசா மேஜர் ரோடிலுள்ள சமூகப் பணிக் கல்லூரிக்குப் போனேன். இதை ஆரம்பித்தது யார் என்று கேட்டபோதுதான் மேரி கிளப்வாலா ஜாதவ் என்ற பெயர் காதில் விழுந்தது. அப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1909-ல் ஊட்டியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயசில் நோகி கிளப்வாலாவுடன் கல்யாணம். 1930-ல் ஒரு மகன். 1935-ல் கணவர் நோயில் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் இருபத்தாறு வயசு விதவை என்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்பார்கள். அவரோ கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பில் சேர்ந்து ஊருக்கு வேலை செய்யக் கிளம்பிவிட்டார்.

1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே காலியானது நம் தாத்தா பாட்டிகள் சொல்லி நமக்குத் தெரியும். ஊர் கிளம்பிப் போன அந்த வருஷத்தில்தான் மேரி எல்லா மதத்துப் பெண்களையும் சேர்த்து இந்தியன் ஹாஸ்பிடாலிட்டி கமிட்டியைத் தொடங்கினார். இங்கே முகாமிட்டிருந்த சிப்பாய்களுக்கு நடமாடும் கேன்டீன் நடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் காயத்தோடு கிடந்தவர்களைப் போய்ப் பார்த்தார்கள். பர்மாவில் ஜெயித்துத் திரும்பிய 14-வது படை அவருக்கு ஒரு ஜப்பானிய வாளைப் பரிசாகக் கொடுத்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்று. யுத்தம் 1945-ல் முடிந்தது. இந்திய ராணுவத்தில் அப்போது சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியவர்கள். பேண்டு வாத்தியம் ஓய்ந்ததும் சிப்பாயை யார் நினைக்கிறார்கள்? மேரியின் கமிட்டி கலையவில்லை. திரும்பி வந்தவர்களும் அவர்கள் குடும்பமும் பிழைக்க வழி செய்வதில் இறங்கியது.

அரசாங்கமும் சும்மா இல்லை. அதே 1945-ல் மறுவாழ்வுக்கும் வேலைவாய்ப்புக்கும் ஒரு தனி இயக்குநரகம் அமைத்தது. நாம் டிகிரி வாங்கின கையோடு சாந்தோமில் வெயிலில் நின்று பதிந்தோமே, அந்த எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச், ஆதியில் ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்காகத் திறந்ததுதான். 1948-ல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. சிப்பாய்க்குப் போட்ட வரிசையில்தான் நாமும் நின்றிருக்கிறோம்!

1952-ல் மேரி சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். தென்னிந்தியாவில் அதுதான் முதலாவது. ஏன் தொடங்கினார்? என் யூகம் இது. நல்ல மனசு மட்டும் இருந்தால் ஒரு வேளை டீ கொடுக்கலாம். ஒருத்தனை வேலையில் உட்கார வைக்க, அவனுக்கு என்ன தெரியும், யாருக்கு அது வேண்டும் என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். நம் பாஷையில் சொன்னால், பவர் இருந்தும் டிரான்ஸ்மிஷன் இல்லாவிட்டால் சக்கரம் சுற்றாது.

பிறகு மேஜர் சந்திரகாந்த் ஜாதவைக் கைப்பிடித்தார். 1956-ல் மதராஸ் ஷெரீப். பத்மஸ்ரீ, பத்மபூஷண், 1975-ல் பத்மவிபூஷண். அந்த வருஷமே காலமானார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சிப்பாய்க்கு நான்கு வருஷம்தான் சர்வீஸ். 25 சதவீதம் பேர் வரைதான் தொடரலாம் என்று அறிவித்தார்கள். மீதிப் பேர் இருபத்தைந்து வயசுக்கு முன்னும் பின்னுமாக வீடு திரும்புவார்கள். நம்மில் அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவர் உண்டு, தரமணியில் டீம் நடத்துபவர் உண்டு. அந்தப் பையன் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், டிப்ளமா எங்கே என்று கேட்பதற்கு முன்னால், தம்பி உனக்கு என்ன வேலை தெரியும் என்று ஒரு தடவை கேளுங்கள்.

என் அப்பாவை யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு இப்போதும் கை நடுங்குவதில்லை. வீட்டில் மிக்ஸி ரிப்பேர் என்றால் இந்த இன்ஜினியரைக் கூப்பிட மாட்டார்கள், அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.