சர் ரொனால்டு ராஸ்

மழைக்காலம் தொடங்கிவிட்டால், சோழவரம் ஏரியைச் சுற்றி வாழும் நமக்குக் கொசுவைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் இளமைப் பருவத்தில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் மிதிவண்டியில் வருவார். காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு, வந்த தேதியைச் சுவரில் குறித்துவிட்டுப் போவார். 1976-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரை மலேரியா பற்றியது. அக்கிருமியைக் கொசுவின் வயிற்றில் முதன்முதலாகக் கண்டவர், சென்னை மாகாணப் படைப்பிரிவுகளில் பணியாற்றிய ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவர். அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

ரொனால்டு ராஸ் 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. தந்தையார் படை அதிகாரி. எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட சிறுவனுக்குக் கவிதையிலும் ஓவியத்திலும் இசையிலுமே நாட்டம். மருத்துவனாக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம், பிள்ளையினுடையதன்று. 1875-இல் இலண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்தார். மனமோ பாடத்தில் இல்லை. 1879-இல் அறுவை மருத்துவர் கல்லூரித் தேர்வில் தேறினார். அதே காலத்தில் எழுதிய மற்றொரு மருத்துவத் தேர்வில் தவறினார். தந்தையார் தரும் பணத்தில் வாழ விரும்பாமல், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கப்பலில் மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து, பின்னர் அத்தேர்வை மீண்டும் எழுதித் தேறினார். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிவிட்டுப் பள்ளி வாயிலைத் திரும்பிப் பார்க்கவும் கூசி நிற்கும் பிள்ளைகளிடம் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1883-இல் பெங்களூரில் தங்கியிருந்தபோது, தம் அறையில் மட்டும் கொசுத் தொல்லை மிகுதியாயிருப்பதைக் கண்டார். சன்னலுக்கு வெளியே நீர் நிறைந்த தொட்டி ஒன்று இருந்தது. அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. படை அதிகாரிகளின் உணவு விடுதியிலுள்ள நீர்ப்பாத்திரங்களையும் கவிழ்த்துவிடலாம் என்றபோது, பொறுப்பிலிருந்த அதிகாரி இணங்கவில்லை. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு அன்று ராசுக்கும் தெரியாது.

மலேரியாக் கிருமியை மனித இரத்தத்தில் 1880-இலேயே பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் கண்டுவிட்டார். அது ஒருவர் உடம்பிலிருந்து மற்றொருவர் உடம்புக்கு எவ்வாறு செல்கிறது என்பதே விடை தெரியாத வினா. கெட்ட காற்றால் வருவது என்றே பலரும் நம்பினர். அந்நோயின் பெயருக்கே பொருள் அதுதான். 1894-இல் விடுப்பில் இலண்டன் சென்ற ராசுக்குப் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர் அக்கிருமியை நுண்ணோக்கியில் காட்டி, கொசுவின் மீது தமக்குள்ள ஐயத்தையும் சொன்னார்.

1895-இல் ராஸ் செகந்திராபாத்துக்கு வந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். நோயாளிகளைக் கொசு கடிக்கச் செய்வார். பின்னர் அக்கொசுக்களை அறுத்துப் பார்ப்பார். ஈராண்டு அவ்வாறே கழிந்தது. பிடித்தவை யாவும் தவறான இனம். எதிலும் ஒன்றும் கிட்டவில்லை. 1897-இல் உதகைக்கு வந்தவர், கீழே சீகூர் மலைப்பாதைப் பகுதியில் ஆராயச் சென்று, தாமே மலேரியாவில் படுத்தார். உடலைச் சாய்த்துச் சுவரில் உட்காரும் புள்ளிச் சிறகுக் கொசுவை அவர் கவனித்தது அந்தப் பயணத்தில்தான்.

அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் பணியாளர்கள் கொண்டுவந்த புழுக்களிலிருந்து அந்த இனக் கொசுக்கள் பொரிந்தன. அவற்றை உசேன் கான் என்னும் மலேரியா நோயாளியைக் கடிக்கவிட்டார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா கூலி. பங்கா இழுத்தால் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் வெக்கையிலேயே அமர்ந்து பார்த்தார். நுண்ணோக்கியின் திருகாணிகள் அவர் வியர்வையில் துருவேறின. எஞ்சியிருந்த கண்ணாடியும் விரிசல் கண்டிருந்தது. ஆகத்து 20-ஆம் நாள், கொசுவின் இரைப்பைச் சுவரில் கருநிறப் பொடி கொண்ட உருண்டையான அணுக்களைக் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அவை மேலும் பருத்திருந்தன. அனோபிலிஸ் என்று இன்று பாடநூலில் நாம் படிக்கும் கொசு அதுவே.

உசேன் கானின் இடத்தில் நின்று இதைப் பார்ப்பதும் நம்மவர்க்குத் தகும். காய்ச்சலில் கிடக்கும் ஏழை ஒருவன் ஓரணாவுக்காகக் கையை நீட்டினான். அவன் இசைவில் விருப்பம் எவ்வளவு, வறுமை எவ்வளவு என்று கேட்கத்தான் தோன்றுகிறது. இன்றைய ஆய்வு நெறிகள் அதற்கு இடங்கொடா. எனினும் ராஸ் அவன் பெயரை மறைக்கவில்லை. தம் நினைவு நூலில் எழுதிவைத்தார். ஆனால் நம் பாடநூல்களில் ராஸ் பெயருக்கு அருகில் அப்பெயரை நான் கண்டதில்லை.

வெற்றி கிட்டிய சில வாரங்களிலேயே, மலேரியா அரிதாயிருந்த இராசபுதனத்துக்கு மாற்றல் வந்தது. ஆராய்ச்சி நின்றது. 1898-இல் கல்கத்தாவில் மீண்டும் வாய்ப்புக் கிட்டியது. ஆனால் பிளேக் தடுப்பூசி அச்சத்தால் மக்கள் அவரை அணுகவில்லை. எனவே பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் கொசு வளர்ப்பதிலும் பறவைகளைப் பேணுவதிலும் அவருக்கு வலக்கையாயிருந்தார். சூலை மாதத்தில், கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்திருப்பதைக் கண்டார். கடிக்கும்போது உமிழ்நீரோடு கிருமியும் இறங்குகிறது என்பது இவ்வாறு விளங்கிற்று. நலமான சிட்டுக்குருவிகளை அக்கொசுக்கள் கடிக்க, அவற்றுக்கும் நோய் கண்டது.

1899-இல் பணியிலிருந்து விலகி லிவர்ப்பூலில் விரிவுரையாளரானார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். 1911-இல் சர் பட்டம். மனிதரிடையே மலேரியாவை அனோபிலிஸ் பரப்புவதை முழுமையாகக் காட்டிய இத்தாலியர் கிராசியோடு அவர் நடத்திய பூசல் பல்லாண்டு நீண்டது. வழிகாட்டிய மான்சன் மீதும் அவர் வழக்குத் தொடுத்ததை நல்ல செயல் என்று நான் சொல்லமாட்டேன்.

அவருடைய கணிதப் பணியை நம்மில் பலர் அறியார். நோய் ஒழியக் கொசு முழுதும் அழிய வேண்டியதில்லை. ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். சூயசு கால்வாய்க் கரையிலுள்ள இசுமாயிலியாவில், அவர் யோசனைப்படி 1902 முதல் தேங்கு நீரை அகற்றிய பின் மலேரியா வெகுவாகக் குறைந்தது.

ராஸ் 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் காலமானார். ஆகத்து 20-ஆம் நாள் உலகக் கொசு நாளாகக் கொள்ளப்படுகிறது. அன்று எங்கள் பள்ளியில் வகுப்புகள் ஒரு மணி நேரம் நடைபெறா. பிள்ளைகள் குடியிருப்புத் தெருக்களில் சென்று, கொட்டாங்கச்சி, பழைய டயர், மூடியற்ற தொட்டி ஆகியவற்றைக் கவிழ்ப்பார்கள். சென்ற முறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தலைமையாசிரியர் அறைக்குப் பின்புறமிருந்த மண்பானையில் புழு நெளிவதைக் கண்டுபிடித்து, என்னையே கூட்டிச் சென்று காட்டினாள்.