மீண்டும் மாணவராய் அமர்ந்த தனிநாயகம் அடிகள்

உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்டவர் என்று தனிநாயகம் அடிகளாரை நாம் அறிவோம். எமது தீவகத்தின் மைந்தர் என்று பெருமைப்படவும் செய்கிறோம். அவரே ஒருகாலத்தில் தமது தாய்மொழியறிவு போதாது என்று உணர்ந்தவர் என்பது எம்மிற் பலருக்குத் தெரியாது.

அடிகளார் 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி கரம்பொன்னிற் பிறந்தார். தந்தைவழியில் நெடுந்தீவைச் சேர்ந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். உயர்கல்விக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்த காலம் அது. பின்னர் கொழும்பிலும் உரோமையிலும் குருத்துவக் கல்வி பயின்று, 1938இல் குருவானார்.

1940இல் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்துக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கேதான் தமது தமிழ்ப் புலமையின் குறை அவருக்கு நன்கு புலப்பட்டது. உரோமையிற் படித்துப் பல மொழிகளறிந்த குருவானவர், ஆங்கிலத்திலேயே காலத்தைக் கழித்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். அவரோ பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் சில ஆண்டுகள் பாடங்கேட்டார். 1945இல், முப்பது வயதைக் கடந்த பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, தமிழில் முதுகலைப் பட்டமும் அதன்மேல் எம்.லிட். பட்டமும் பெற்றார்.

தமிழை விட்டுக் கழிந்த ஆண்டுகளையும் அவர் வீணென்று ஒதுக்கவில்லை. அப்போது கற்ற ஆங்கிலத்தைக் கொண்டே 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஏட்டைத் தொடங்கி, பிறநாட்டு அறிஞருக்குத் தமிழைக் காட்டினார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் அவரே முன்னின்றார். 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மறைந்தார்.

வைத்தியர் என்ற முறையில் நான் இதன் மறுபக்கத்தையே அதிகம் காண்கிறேன். சீனி கூடிவிட்டதென்று தெரிந்தவர்கள், ஏச்சு விழுமென்று கூசி, அடுத்த கிளினிக்குக்கு வராமல் விடுகிறார்கள். காலிற் புண் முற்றிய பின்பே வருகிறார்கள். தம்மைத் தாமே மன்னித்திருந்தால் முன்னரே வந்திருப்பார்கள், காலையும் காத்திருக்கலாம்.

தூரதேசங்களில் வாழும் எமது பழைய மாணவிகளிற் சிலர், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்காமல் விட்டோமே என்று வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தோடு நின்றுவிட வேண்டாம். பிள்ளைக்கு இப்போது எத்தனை வயதானாலும், இந்த வாரமே அருகில் இருத்தி அகரத்திலிருந்து தொடங்குங்கள். அடிகளாரும் வயது வந்த பின்புதான் பண்டிதர் முன்னே அமர்ந்தார்.